உரத்துப் பேசாத சாக்ஸபோன்



இன்று நான் பேசப்போவது ஒரு டெனர் சாக்ஸபோன் கலைஞரைப் பற்றி. அவர் பெயர் லெஸ்டர் யங். 1909 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உட்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். 1959 மார்ச் 15 அன்று, ஐம்பது வயது நிறையும் முன்பே, நியூயார்க்கில் மறைந்தார். சாக்ஸபோன் என்றதும் நம்மில் பலருக்குக் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஆல்டோ சாக்ஸபோன். டெனர் அதைவிடப் பெரியது. அதன் ஒலியும் கீழே இறங்கி, ஆண்குரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்தக் கனத்த கருவியைக் கையில் எடுத்து, அதைச் சத்தம் போடாமல் பேசவைத்தவர் லெஸ்டர் யங். பாடகி பில்லி ஹாலிடே அவருக்கு ஜனாதிபதி என்று பட்டம் கொடுத்தார். சக கலைஞர்கள் அதைச் சுருக்கிக் கடைசிவரை 'பிரஸ்' என்றே அழைத்தார்கள்.

அவர் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லி முடிப்பது என் நோக்கமல்ல. ஒரு வாதத்தை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். ஜாஸ் இசையில் வலிமை என்றால் ஒலியின் கனம்தான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், வலிமை வேறோர் இடத்தில் இருக்கிறது என்று வாசித்துக் காட்டியவர் லெஸ்டர் யங். ஒரு சுரம் எந்த நொடியில் விழுகிறது, எந்த நொடியில் விழாமல் விடப்படுகிறது என்பதில்தான் அவருடைய வலிமை இருந்தது. அந்த மென்மை இயலாமையால் வந்ததல்ல. தெரிந்தே எடுத்த முடிவு. எடுத்த முடிவை அவர் இறுதிவரை விடவும் இல்லை. இந்த இரண்டையும் மறுப்பவர்கள் உண்டு. ஒலியில் கனம் போதாது என்று சிலர் சொன்னார்கள். 1945-க்குப் பிறகு அவர் முடிந்துபோனார் என்று பலர் எழுதினார்கள். இந்த இரண்டு மறுப்புகளுக்கும் அவருடைய இசைத்தட்டுகளே பதில் சொல்கின்றன. அந்தப் பதிலைத்தான் இன்று நாம் கேட்கப் போகிறோம்.

முதலில் 1930களின் தொடக்கத்துக்குப் போவோம். அப்போது டெனர் சாக்ஸபோன் என்றால் ஒரே ஒரு பெயர்தான்: கோல்மன் ஹாக்கின்ஸ். அதற்கு முன்பு சாக்ஸபோன் பெரும்பாலும் வேடிக்கை மேடைகளில் விலங்குகளைப் போலக் கத்திக் காட்டவும், நடனக் கூட்டங்களில் ஓசையை நிரப்பவும் பயன்பட்ட கருவி. அதற்கு ஒரு தனிக் கலைஞனின் மதிப்பை வாங்கிக் கொடுத்தவர் ஹாக்கின்ஸ். பிளெச்சர் ஹெண்டர்சனின் இசைக்குழுவில் பத்தாண்டுகள் இருந்து, அகன்ற, தடித்த, அதிர்வு நிறைந்த ஒரு தொனியை அவர் உருவாக்கினார். பாடலில் வரும் ஒவ்வொரு கார்டையும், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டையும், மேலிருந்து கீழ் வரை, கீழிருந்து மேல் வரை பிரித்துக் காட்டி, இடைவெளி விடாமல் கட்டிக்கொண்டே போவது அவர் முறை. அது மகத்தான முறை. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒரு மகத்தான முறைக்கு எப்போதும் ஓர் ஆபத்து உண்டு. அது வந்தபிறகு, அந்த முறை ஒன்றே முறை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். டெனர் என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும், இதைவிட மெலிந்தால் அது டெனரே இல்லை என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. கேட்பவர்கள் மட்டுமா அப்படி நினைத்தார்கள்? வாசிப்பவர்களே அப்படித்தான் நினைத்தார்கள்.

இதற்குச் சான்று வேண்டுமா? 1934-ஆம் ஆண்டைப் பாருங்கள். ஹாக்கின்ஸ் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுப் போகிறார். ஹெண்டர்சன் குழுவில் அவருடைய நாற்காலி காலியாகிறது. அந்த நாற்காலிக்கு இருபத்து நான்கு வயது லெஸ்டர் யங்கை அழைக்கிறார்கள். அன்றைய கறுப்பின இசைக்கலைஞர்களுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்புகள் குறைவு. ஆனால் குழுவில் இருந்தவர்களுக்கு அவருடைய ஒலி பிடிக்கவில்லை. ஹாக்கின்ஸைப் போல ஒலிக்கவில்லையே என்பது குறை. ஹெண்டர்சனின் மனைவி லியோரா, ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி, இப்படி வாசிக்கக் கூடாதா என்று கேட்டதை லெஸ்டர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் என்ன செய்தார்? ஒலியை மாற்றிக்கொள்ளவில்லை, நாற்காலியை விட்டுவிட்டார். போகும்போது, தான் வேலையிலிருந்து நீக்கப்படவில்லை என்று ஹெண்டர்சனிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு கான்சாஸ் நகரத்துக்குத் திரும்பினார். அந்தக் கடிதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோற்றுப்போனவருக்கு அப்படி ஒரு கடிதம் எதற்கு? என் வாசிப்பில் குறையில்லை, உங்கள் எதிர்பார்ப்பு வேறு, என் வழி வேறு என்று பதிவு செய்துவிட்டுப் போன மனிதரின் செயல் அது. அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் பென் வெப்ஸ்டர். ஹாக்கின்ஸ், யங், வெப்ஸ்டர் என்று ஒரே ஆண்டில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த இந்த மூன்று பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சு முடிவதற்குள் அவர்கள் மீண்டும் ஒன்றாக வருவார்கள்.

அவருடைய தொனி எங்கிருந்து வந்தது? இயல்பாகவே மூச்சு குறைந்தவரா? வலுவாக ஊதத் தெரியாதவரா? இல்லை. அவருடைய தந்தை ஒரு குடும்ப இசைக்குழு நடத்தியவர். கூடார மேடைகளிலும் திருவிழாக்களிலும் வாசித்து வளர்ந்தவர் லெஸ்டர். முதலில் டிரம்ஸ் வாசித்தார், பிறகு ஆல்டோ, பிறகுதான் டெனர். அந்த வயதில் அவர் விரும்பித் தேடிக் கேட்டது பிராங்கி ட்ரம்பாவர் என்ற வெள்ளைக்கார சாக்ஸபோன் கலைஞரின் இசைத்தட்டுகளை. ட்ரம்பாவர் வாசித்தது சி-மெலடி என்ற வகை. ஆல்டோவுக்கும் டெனருக்கும் நடுவில் நிற்கும், ஒளியும் தெளிவும் கூடிய கருவி அது. அந்த ஒலியை டெனரில் கொண்டுவர முயன்றதாக லெஸ்டரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ட்ரம்பாவர் வாசிப்பில் ஒரு சிறு கதை இருப்பது தனக்குப் பிடித்தது என்றும் சொல்லியிருக்கிறார். ஆக, இது ஊதும் வலிமை இல்லாமல் தற்செயலாக வந்த மெலிவு அல்ல. ஒரு கருவியின் குணத்தை இன்னொரு கருவியில் ஏற்ற முனைந்த உழைப்பு. கனமான கருவியைக் கனமாக ஒலிக்க வைப்பது எளிது. அதன் இயல்புக்கு எதிராக அதை மிதக்க வைப்பதற்கு மூச்சின் மேல் இன்னும் அதிகக் கட்டுப்பாடு வேண்டும்.

இப்போது முதல் இசைத்தட்டுக்கு வருவோம். 1936 நவம்பர் 9, சிகாகோ. லெஸ்டர் அப்போது வாசித்துவந்த, பியானோ கலைஞர் கவுண்ட் பேசியின் குழுவிலிருந்து ஐந்து பேர் மட்டும் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடுகிறார்கள். பேசி வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்திருந்ததால் அவர் பெயரைப் போட முடியவில்லை. டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ், டிரம்பெட் வாசித்த கார்ல் ஸ்மித் ஆகிய இருவரின் பெயரைச் சேர்த்து 'ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்பரேட்டட்' என்று போட்டார்கள். லெஸ்டர் யங் அப்போது 27 வயதுக்காரர். அவர் ஒலிப்பதிவு செய்தது அதுவே முதல் முறை. 'லேடி பி குட்', 'ஷூ ஷைன் பாய்' என்ற இரண்டு பாடல்களிலும் அவருக்கு நீண்ட தனிவாசிப்பு. நான்கு எண்ணிக்கை கொண்ட ஓர் அளவை ஜாஸ்காரர்கள் பார் என்பார்கள். 'லேடி பி குட்' பாடலில் அவருக்குக் கிடைத்தது 64 பார். 64 பாரிலும் தயக்கமான ஓர் இடம்கூட இல்லை. முதல் முறை ஒலிவாங்கியின் முன் நிற்பவரின் பதற்றம் இல்லை. ஒரு சொற்றொடரைத் தொடங்குகிறார், பாதியில் நிறுத்துகிறார், தாளம் ஓடவிட்டுக் காத்திருக்கிறார், பிறகு எதிர்பாராத இடத்திலிருந்து உள்ளே வருகிறார். பாடல் எட்டு எட்டு பாராகப் பிரிந்திருக்கிறது. அவருடைய சொற்றொடர்கள் அந்தப் பிரிவுகளுக்குள் அடங்காமல் கோட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போய் முடிகின்றன. கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, மாறிவிட்டது என்று அறிவிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கார்டுகள் கீழே ஓடிக்கொண்டிருக்க, மேலே ஓர் இசைக்கோடு தன் போக்கில் போகிறது. முதல் நாளே முழுமை! இதை இயலாமை என்று எந்தக் காது சொல்லும்?

ஒருவர் தனியாக மெதுவாகப் பேசினால் போதாது. சுற்றியிருப்பவர்களும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பேசியின் தாளப் பகுதி அந்த இடத்தைக் கொடுத்தது. அதுவரை டிரம்ஸ்காரர்கள் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மில் தாளத்தை அறைந்து காட்டுவார்கள். ஜோ ஜோன்ஸ் அந்தக் கணக்கை ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டுக்கு மாற்றினார். இடி போய், ஓடும் நீரின் சலசலப்பு வந்தது. வால்டர் பேஜ் பாஸ் கம்பிகளில் ஒரு பாருக்கு நான்கு சுரம் என்று சீராக நடந்தார். 1937-இல் வந்து சேர்ந்த பிரெடி கிரீன் மின்சாரம் இல்லாத கிட்டாரில் அதே நான்கையும் மெல்ல வருடினார். பேசியோ பியானோவில் மற்றவர்கள் பத்து சுரம் போடும் இடத்தில் இரண்டு போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். இந்த நான்கு பேர் விரித்த தரையின் மேல்தான் லெஸ்டர் நடந்தார். அதே குழுவில் இன்னொரு டெனரும் இருந்தார். அவர் ஹெர்ஷல் எவன்ஸ், ஹாக்கின்ஸின் வழியில் வந்த, தடித்த தொனிக்காரர். 1938-இல் பதிவான 'டாகின் அரவுண்ட்' என்ற இசைத்தட்டைக் கேளுங்கள். முதலில் எவன்ஸ் வாசிக்கிறார், பின்னால் லெஸ்டர் வாசிக்கிறார். ஒரே பாடல், ஒரே தாளம், ஒரே வகைக் கருவி. எவன்ஸின் ஒலி நெஞ்சிலிருந்து வருகிறது. ஒவ்வொரு சுரத்தின் முடிவிலும் ஓர் அதிர்வு நடுங்குகிறது. லெஸ்டரின் சுரங்களில் அந்த நடுக்கம் ஏறக்குறைய இல்லை. நேராக வந்து, நேராக நின்று, நேராக மறைகின்றன. யார் பெரியவர் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. இரண்டும் தேவை என்று பேசிக்குத் தெரிந்திருந்தது. ஹெண்டர்சன் குழுவுக்குத் தெரியாதது அதுதான்.

இப்போது 1939-ஆம் ஆண்டுக்கு வாருங்கள். டெனர் சாக்ஸபோனின் வரலாற்றில் அதைப் போன்ற ஓர் ஆண்டு அதற்கு முன் இல்லை. செப்டம்பர் 5 அன்று நியூயார்க்கில் கான்சாஸ் சிட்டி செவன் என்ற பெயரில் பேசியின் சிறுகுழு 'லெஸ்டர் லீப்ஸ் இன்' என்ற பாடலைப் பதிவு செய்கிறது. ஐரோப்பாவிலிருந்து திரும்பிய ஹாக்கின்ஸ் அதே நகரத்தில் அக்டோபர் 11 அன்று 'பாடி அண்ட் சோல்' பாடலைப் பதிவு செய்கிறார். இடைவெளி ஐந்தே வாரம். ஹாக்கின்ஸ் பாடலின் மெட்டைத் தொட்டுவிட்டு உடனே விலகி, கார்டுகளுக்குள் இறங்கி, 64 பார் முழுக்க ஏறிக்கொண்டே போகிறார். ஒலி பெருக்கிறது, சுரங்கள் அடர்கின்றன, உச்சியில் கொண்டுபோய் நிறுத்துகிறார். லெஸ்டர் எடுத்துக்கொண்டதோ கெர்ஷ்வின் எழுதிய 'ஐ காட் ரிதம்' பாடலின் கார்டுகள். அன்றைய ஜாஸ்காரர்கள் தினமும் புழங்கியவை. அவற்றின் மேல் அவர் போட்ட மெட்டு ஒரு சில சுரங்களே கொண்ட எளிய துணுக்கு. தனிவாசிப்பில் தாளப் பகுதி ஓரிடத்தில் ஓர் அடி அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. வெறும் வெளியில் சாக்ஸபோன் தனியாக நிற்கிறது. அந்த வெளியில் கனத்தால் ஆவது ஒன்றுமில்லை. காலக்கணக்கு உள்ளுக்குள் ஓடுபவர்தான் அங்கே நிற்க முடியும். லெஸ்டர் நிற்பது மட்டுமல்ல, நடனமாடுகிறார். ஹாக்கின்ஸ் ஒரு பாடலின் ஆழத்தை அளந்தார். லெஸ்டர் காலத்தை அளந்தார். இரண்டும் ஒரே இலையுதிர்காலத்தில், ஒரே நகரத்தில் நடந்தன.

இங்கே ஒரு மறுப்பு வரும். துள்ளலான பாடல்களில் இதெல்லாம் சரி. உணர்ச்சி வேண்டிய இடத்தில் இந்த மெல்லிய ஒலி என்ன செய்யும் என்று கேட்பார்கள். பதில் சொல்லப் பில்லி ஹாலிடேயை அழைக்கிறேன். 1937 ஜனவரி 25 அன்று பியானோ கலைஞர் டெடி வில்சனின் தலைமையில் நடந்த பதிவில் லெஸ்டரும் பில்லியும் முதன்முறையாக ஒலிவாங்கியின் முன் சேர்ந்தார்கள். அதன்பிறகு சில ஆண்டுகளில் அவர்கள் சேர்ந்து தந்த மூன்று நிமிடத் தட்டுகள் ஜாஸின் பெரும் செல்வம். அவை பெரிய பாடல்களா? பல அல்ல. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளுக்காக அவசரத்தில் செய்யப்பட்ட, அந்தந்த மாதத்தோடு மறந்துபோகக் கூடிய பாடல்கள். 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்' பாடலில் பில்லி வாயைத் திறக்கும் முன்பு லெஸ்டர் மெட்டை வாசிக்கிறார். மெட்டை அவர் அதிகம் மாற்றவில்லை. ஒரு சுரத்தைச் சற்றே தள்ளிப் போடுகிறார், இன்னொன்றைச் சற்றே நீட்டுகிறார், அவ்வளவுதான். சாதாரணமான காதல் பாட்டு ஒரு மனிதரின் அந்தரங்கமாகிவிடுகிறது. 'எ செயில்போட் இன் த மூன்லைட்' பாடலில் பில்லி பாடப் பாட லெஸ்டர் பின்னால் வாசிக்கிறார். பில்லி மூச்சு வாங்கும் இடத்தில் நுழைகிறார், பில்லி தொடங்கும் முன் விலகுகிறார். இரண்டு குரல்களில் எது மனிதக் குரல், எது கருவி என்று பிரிக்கத் தோன்றாது. ஒரு பாடலை வாசிப்பதற்கு முன் அதன் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது லெஸ்டரின் கொள்கை. கனத்த ஒலி அந்த இடத்தில் பாடகியை மூடியிருக்கும். மெல்லிய ஒலி அவரைக் காட்டியது. உணர்ச்சி வேண்டிய இடத்தில் அது என்ன செய்யும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

இன்னொரு சான்று, அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1937 கோடையில் கான்சாஸ் நகரத்துப் பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஓசார்க் மலைப்பகுதியில் ஒரு விடுதி வேலைக்குப் போகிறான். கூடவே பேசி குழுவின் இசைத்தட்டுகளையும் எடுத்துப் போகிறான். அவற்றிலுள்ள லெஸ்டரின் தனிவாசிப்புகளைச் சுரம் சுரமாக மனப்பாடம் செய்துகொண்டு ஊர் திரும்புகிறான். அந்தப் பையன் சார்லி பார்க்கர். பின்னாளில் பீபாப் என்ற புரட்சியைக் கொண்டுவந்த ஆல்டோ மேதை. பாரின் கோட்டைத் தாண்டும் அந்தச் சொற்றொடர்கள்தான் பார்க்கரின் மொழிக்கு ஒரு வேர். 1947-இல் வுடி ஹெர்மன் குழு 'ஃபோர் பிரதர்ஸ்' என்ற பாடலைப் பதிவு செய்தபோது, ஸ்டான் கெட்ஸ், ஸூட் சிம்ஸ், ஹெர்பி ஸ்டீவர்ட் ஆகிய மூன்று டெனர்களும் ஒலித்தது யாரைப் போல? லெஸ்டரைப் போல. டெக்ஸ்டர் கார்டன் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார், வார்டெல் கிரே எடுத்துக்கொண்டார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் டெனரே இல்லை என்று தள்ளப்பட்ட ஒலி, ஒரு தலைமுறையின் இயல்பான ஒலியாகிவிட்டது.

இனி, இருப்பதிலேயே கடினமான மறுப்புக்கு வருகிறேன். லெஸ்டர் யங்கின் கதையை எழுதியவர்களில் பலர் அதை இரண்டாகக் கிழித்துவிட்டார்கள். ராணுவத்துக்கு முன், ராணுவத்துக்குப் பின். நடந்தது என்ன? 1944-இல் அவரைக் கட்டாய ராணுவ சேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். அலபாமா மாநிலத்தின் மெக்லெல்லன் முகாமில் போதைப்பொருள் வைத்திருந்ததாகப் பிடிபட்டார். 1945 பிப்ரவரியில் ராணுவ நீதிமன்றம் ஓராண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஜார்ஜியாவில் ராணுவச் சிறையில் அடைக்கப்பட்டு, பின்னர் கௌரவமற்ற முறையில் ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த தெற்கு மாநிலங்களில், மென்மையான சுபாவம் கொண்ட ஒரு கறுப்பினக் கலைஞர் அந்த மாதங்களில் பட்ட துன்பத்தைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை. அது அநீதி. அதன் காயம் ஆழமானது. ஆனால் அங்கிருந்து ஒரு முடிவுக்குத் தாவுகிறார்கள்: அந்தச் சிறை அவருடைய இசையை உடைத்துவிட்டது, அதன்பிறகு வந்ததெல்லாம் வெறும் எச்சம் என்று. இந்த முடிவு காதால் வந்ததா, கதையால் வந்ததா? நான் கேட்கும் கேள்வி அதுதான்.

இசைத்தட்டுகளைத் தேதி வரிசையில் வைத்துக் கேளுங்கள். 1942 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் நாட் கிங் கோலின் பியானோவோடு அவர் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றில் ஒன்று 'பாடி அண்ட் சோல்'. ஹாக்கின்ஸ் தன் கொடியை நட்டுவைத்த அதே பாடல்! அதில் லெஸ்டரின் தொனி 1936-இல் கேட்ட தொனி அல்ல. கொஞ்சம் இருண்டிருக்கிறது, கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. நடையும் நிதானப்பட்டிருக்கிறது. 1943 டிசம்பரில் பதிவான 'சம்டைம்ஸ் ஐம் ஹேப்பி' பாடலில் அந்த மாற்றம் இன்னும் தெளிவு. 1944-இல், ராணுவத்துக்குப் போவதற்குச் சில மாதங்கள் முன்பு பதிவான 'புளூ லெஸ்டர்' பாடலில் அது முழுமை பெற்றுவிட்டது. ஆக, ராணுவம் மாற்றிவிட்டது என்று சொல்லப்படும் தொனி ராணுவத்துக்கு முன்பே மாறிவிட்டது. முப்பது வயதைத் தாண்டிய ஒரு கலைஞர் தன் பழைய வெற்றியையே மீண்டும் மீண்டும் வாசிக்க மறுத்தார் என்பதுதான் அதன் பொருள். தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டிருக்க விருப்பமில்லை என்பதைப் பிற்காலப் பேட்டியில் அவரே தெளிவாகச் சொன்னார். சிறையிலிருந்து வெளியே வந்ததும் என்ன பதிவு செய்தார்? ராணுவச் சிறையின் பெயரையே தலைப்பில் வைத்து 'டி.பி. புளூஸ்' என்று ஒரு பாடல். கேட்டுப் பாருங்கள், அதில் புலம்பல் இல்லை, துள்ளல் இருக்கிறது. அதே சமயத்தில் பதிவான 'தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்' பாடலில் முதல் சுரத்திலிருந்தே பழகிய மெட்டை விட்டுவிட்டு, அதே கார்டுகளின் மேல் புதிதாக ஒரு மெட்டையே படைக்கிறார். உடைந்துபோன கலைஞர் செய்யும் வேலையா அது?

மறுப்பவர்களுக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1946-க்குப் பிறகு நார்மன் கிரான்ஸின் 'ஜாஸ் அட் த ஃபில்ஹார்மோனிக்' சுற்றுப்பயணங்களில் பெரிய அரங்குகளில் வாசித்தபோது, கூட்டத்தின் ஆரவாரத்துக்காக அவரும் சில இடங்களில் கீழ்ச் சுரத்தை உறுமவிட்டிருக்கிறார். குடிப்பழக்கம் உடலைத் தின்றது. 1950களின் பிற்பகுதிப் பதிவுகள் சிலவற்றில் மூச்சு தளர்ந்திருக்கிறது, விரல் தாமதிக்கிறது. இவற்றை மறைத்தால் நான் வாதிடுபவன் அல்ல, விளம்பரம் செய்பவன். ஆனால் உடலின் தளர்ச்சி ஒன்று, கலையின் தளர்ச்சி வேறொன்று. 1955 இறுதியில் உடல்நலம் குன்றி அவர் மருத்துவமனையில் இருந்தார். 1956 ஜனவரி 12, 13 ஆகிய இரண்டு நாள்களில் இரண்டு இசைத்தொகுப்புகளைப் பதிவு செய்தார். ஒன்று 'ஜாஸ் ஜயன்ட்ஸ் 56', மற்றொன்று 'பிரஸ் அண்ட் டெடி'. பியானோவில் அதே டெடி வில்சன், டிரம்ஸில் அதே ஜோ ஜோன்ஸ். பழைய நண்பர்கள் பழைய காலத்தை நினைத்து வாசித்த தட்டுகளா அவை? அல்ல. 1937-இல் ஐந்து சுரத்தில் சொன்னதை இப்போது மூன்றில் சொல்கிறார். இடைவெளிகள் நீண்டிருக்கின்றன. ஒவ்வொரு சொற்றொடரும் தாளத்துக்குப் பின்னால் சாய்ந்து, விழுந்துவிடுமோ என்று நாம் அஞ்சும் நொடியில் சரியாக வந்து நிற்கிறது. அவர் இளமையில் எடுத்த அதே முடிவின் தொடர்ச்சி இது. குறைத்துக்கொண்டே போகலாம், குறையக் குறைய எடை கூடும் என்று அறிந்தவரின் முதிர்ச்சி.

இப்போது அந்த மூன்று பேரும் மீண்டும் வருகிறார்கள். 1957 டிசம்பர் 8. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'த சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்ற நேரடி ஒளிபரப்பு. பில்லி ஹாலிடே தன்னுடைய 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாடலைப் பாடுகிறார். அவரைச் சுற்றி நிற்கும் கலைஞர்களில் டெனர் வாசிப்பவர்களுக்கு ஆளுக்கு 12 பார். அவர்களில் கோல்மன் ஹாக்கின்ஸ் இருக்கிறார், பென் வெப்ஸ்டர் இருக்கிறார், லெஸ்டர் யங் இருக்கிறார். 1934-இல் ஹெண்டர்சன் குழுவின் ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்த மூவரும், 23 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரே பாடலில். முதலில் வெப்ஸ்டர், கனத்த, மூச்சுக் காற்று கலந்த, அழகான தொனியில். அடுத்து, உடல் மெலிந்து நோயுற்றிருந்த லெஸ்டர். அவர் வாசித்த சுரங்களை ஒரு குழந்தைகூட எண்ணிவிடலாம். விரைவு இல்லை, ஏற்றம் இல்லை, உச்சி இல்லை. புளூஸின் அடிப்படைச் சுரங்கள் சிலவற்றை மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறார். கேமரா பில்லியின் முகத்தைக் காட்டுகிறது. ஒவ்வொரு சொற்றொடருக்கும் அந்த முகம் அசைந்து ஆமாம் என்கிறது. பிறகு ஹாக்கின்ஸ் வருகிறார், வழக்கம்போல வலிமையாக, நிறைவாக. மூன்று வழிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அன்று குழுவால் ஏற்க முடியாத ஒலிக்கு இன்று யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. மற்ற இருவரின் கனத்துக்கு நடுவில் அந்த 12 பார் கரைந்துபோகவும் இல்லை.

சரி, இதை இவ்வளவு வலியுறுத்த வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். ஏனென்றால் ஒரு கலைஞரைச் சோகக் கதையாக மாற்றும்போது நாம் அவருக்கு இரக்கம் காட்டுவதாக நினைக்கிறோம். உண்மையில் அவருடைய அறிவை அவரிடமிருந்து பறிக்கிறோம். மென்மையாக வாசித்தாரா, பாவம், மென்மையான மனிதர். மெதுவாக வாசித்தாரா, பாவம், உடைந்துபோனவர். இப்படிச் சொல்லிவிட்டால் அவர் யோசித்தார், தேர்ந்தெடுத்தார், திருத்தினார் என்பதற்கு இடமே இல்லாமல் போகிறது. கறுப்பினக் கலைஞர்களுக்கு இந்த அநீதி மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது. அவர்களுடைய கலை உணர்ச்சியிலிருந்து தானாகப் பொங்கி வந்தது என்று புகழ்வார்கள், சிந்தனையிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அவருடைய ஒலியைக் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரக் கலைஞர்கள் சிலருக்கு அவரைவிடப் பெரிய சந்தையும் வருமானமும் கிடைத்தன. அவர்கள் திறமைசாலிகள், கற்றுக்கொண்டதை மறைக்காதவர்கள். குறை அவர்களுடையதல்ல, இன வரிசையில் மதிப்புக் கொடுத்த ஒரு சமூகத்தினுடையது. அந்தச் சமூகம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டவை பல. அவருடைய முடிவுகள் அவருடையவைதான் என்ற உண்மையையாவது நாம் அவரிடம் விட்டுவைக்க வேண்டாமா?

நண்பர்களே, இங்கிருந்து போனதும் ஒரு வேலை செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். என் சொல்லை நம்ப வேண்டாம், காதை நம்புங்கள். 1936-இன் 'லேடி பி குட்', 1937-இன் 'திஸ் இயர்ஸ் கிஸ்ஸஸ்', 1942-இன் 'பாடி அண்ட் சோல்', 1956-இன் 'பிரஸ் அண்ட் டெடி'. இந்த நான்கையும் இதே வரிசையில் கேளுங்கள். கேட்கும்போது சுரங்களைப் பின்தொடராதீர்கள், சுரங்களுக்கு நடுவில் அவர் விட்ட இடங்களைப் பின்தொடருங்கள். அந்த இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு எப்படி அகன்றுகொண்டு போகின்றன என்று கவனியுங்கள். அவர் தடுமாறி நின்ற இடம் எது, நிற்க வேண்டும் என்று முடிவெடுத்து நின்ற இடம் எது என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். முதலாவதைவிட இரண்டாவது பல மடங்கு அதிகம் என்று உங்கள் காது சொல்லும். அப்படிச் சொன்னால், லெஸ்டர் யங்கை வீழ்ச்சியின் உதாரணமாக இனி யாராவது பேசும்போது, எந்தத் தட்டைக் கேட்டுச் சொல்கிறீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். ஒரு கலைஞனுக்கு நாம் செய்யக்கூடிய நியாயம் அந்தக் கேள்வியில் தொடங்குகிறது.